வாடகை உதவி உரிமையான வரலாறு

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் உறையுளே ஏழைக்கு எட்டாக் கனியாக நிற்பது. உணவைக் குறைத்துக்கொள்ளலாம்; கிழிந்த உடையைத் தைத்து உடுக்கலாம்; வாடகையையோ மாதந்தோறும் குறைவின்றிச் செலுத்தியாக வேண்டும். இவ்விடரை நீக்க ஓர் அரசு எவ்வாறு முன்வந்தது என்பதற்குப் பிரிட்டன் நாட்டு வரலாறு தக்கதொரு சான்றாகும். அதனை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டு ஏழைகளுக்கு வீடளித்தல் அறச்செயலாகவே கருதப்பெற்றது. 1862ஆம் ஆண்டில் பீபாடி என்னும் அமெரிக்கச் செல்வர் இலண்டன் ஏழைகளுக்கென அறநிதி நிறுவினார். நற்செயலே, ஆயினும் கொடுப்போர் மனம் வைத்தால்தான் பெறுவோர்க்கு இடம் கிட்டும்.

இந்நிலை மாற வழிகோலியோர் கிளாஸ்கோ நகரத்துப் பெண்கள். முதல் உலகப் போரின்போது தொழிற்சாலை வேலை நாடி மக்கள் அந்நகரில் குவிந்தனர். வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினர். 1915ஆம் ஆண்டில் மேரி பார்பர் முதலிய பெண்கள் முன்னின்று வாடகை மறுப்புப் போராட்டம் நடத்தினர். நவம்பர் மாதத்தில் ஏறத்தாழ 20,000 குடும்பங்கள் அதிற் பங்குகொண்டன. ஆண்டு முடிவதற்குள் சட்டம் பிறந்தது. சிறு வீடுகளின் வாடகை 1914 ஆகஸ்டு மாத அளவிலேயே நிறுத்தப்பெற்றது.

1919ஆம் ஆண்டின் ஆடிசன் சட்டத்தால் உள்ளாட்சி மன்றங்கள் அரசு மானியத்துடன் வீடுகள் கட்டலாயின. ஆயினும் கடையேழையரால் அவ்வாடகையும் கொடுக்க இயலவில்லை. ஆதலின் வருவாய்க்கேற்ப வாடகையைக் குறைத்துக்கொள்ள 1930ஆம் ஆண்டுச் சட்டம் அம்மன்றங்களுக்கு இசைவளித்தது. 1942இல் சமூகக் காப்புத் திட்டம் தீட்டிய பெவரிட்ஜ் என்பார்க்கும் வாடகையே தீராச் சிக்கலாயிற்று. ஊருக்கு ஊர் வேறுபடும் வாடகையை ஒரே அளவான தொகையால் எங்ஙனம் ஈடுசெய்வது?

1972ஆம் ஆண்டுச் சட்டம் வாடகைத் தள்ளுபடியை நாடு முழுமைக்கும் கட்டாயமாக்கியது. அதே சட்டம் உள்ளாட்சி வீடுகளின் வாடகையை உயர்த்தவும் பணித்தது. அவ்வுயர்வை ஏற்க மறுத்த கிளே கிராஸ் ஊர் மன்ற உறுப்பினர் 11 பேர் தண்டத்துக்கும் பதவியிழப்புக்கும் ஆளாயினர். பின்னர் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வாடகை உதவித்தொகைத் திட்டம் உருவாகி, 1983 ஏப்ரலில் முழு நடைமுறைக்கு வந்தது. குடும்பத்தின் வருவாய், சேமிப்பு, உறுப்பினர் எண்ணிக்கை, வாடகை ஆகியவற்றை ஆராய்ந்து உள்ளாட்சி மன்றமே தொகையை முடிவு செய்யும்.

2013 முதல் உழைக்கும் வயதினர்க்குரிய வாடகை உதவி, பல உதவிகளை ஒன்றாக்கிய பொது உதவித்தொகையுள் படிப்படியாகச் சேர்க்கப்பெற்றது. அவ்வாண்டிலேயே மற்றொரு விதியும் வந்தது. உள்ளாட்சி மன்றம் முதலிய பொது வீடுகளில் வாழும் அவ்வயதினர்க்குத் தேவைக்கு மேல் ஓர் அறை இருப்பின் 14 விழுக்காடும், இரண்டோ அதற்கு மேலோ இருப்பின் 25 விழுக்காடும் உதவிக்குரிய வாடகையிற் கழிக்கப்பெற்றன.

முதியோரும் ஆதரவு இல்லங்களில் வாழ்வோருமே இன்றும் பழைய முறையில் உள்ளாட்சியிடம் விண்ணப்பிப்போருட் பெரும்பாலோர். ஆதரவு இல்லம் என்பது வெறும் கூரையன்று. உடற்குறையுடையோர், மனநோயுற்றோர், வீடற்றோர், கொடுமைக்குத் தப்பிவந்த பெண்கள் ஆகியோர்க்கு உறைவிடத்தோடு துணையும் நல்குவது. வாடகையை உதவித்தொகை ஏற்கும். துணைபுரியும் பணியாளர் செலவை ஏற்காது. அச்செலவுக்கென 2003இல் தனி நிதி ஒதுக்கப்பெற்றது. அதனை வேறு செலவுக்குத் திருப்பலாகாது என்னும் கட்டு 2009இல் நீக்கப்படவே, துணைப்பணி பல இடங்களில் நலிந்தது.

இவ்வில்லங்களுக்கு உயர்ந்த வாடகை ஏற்கப்பெறுவதால், பெயரளவில் துணை காட்டிப் பொருளீட்டுவோரும் புகுந்தனர். 2022இல் நாடாளுமன்றக் குழு இதனை ஆராய்ந்து கண்டித்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் இத்தகு இல்லங்களுக்குத் தரநெறியும் உரிமமும் வகுக்க வழிசெய்தது. பணம் கொடுத்தால் போதாது. அப்பணம் எத்தகைய வீட்டிற்குச் செல்கிறது என்பதையும் அரசு கண்காணிக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

மற்றொரு பாடமும் உண்டு. கேளாதார்க்கு இவ்வுதவி தானே வருவதில்லை, விண்ணப்பித்தாக வேண்டும். உதவித்தொகை உண்டென அறியாமலும், சான்றிதழ் உரிய நாளில் கிட்டாமலும் இழந்த மாணவரை நாம் ஆசிரியப் பணியில் ஆண்டுதோறும் கண்டிருக்கிறோம். கிளாஸ்கோப் பெண்கள் போராடி வழி திறந்தனர். திறந்த வழியில் நடக்க எழுத்தறிவு வேண்டும், விதியறிவு வேண்டும். அவ்வறிவை வீடுதோறும் கொண்டுசேர்த்தலே வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் அடுத்த பணியாகுக.