பாடியவர் அறியாப் பாடலாசிரியர்

கிறிஸ்து பிறப்பு விழாவின் நள்ளிரவுத் திருப்பலியில், குடிலின் முன் நாம் கைகூப்பி நிற்கும் வேளையில், பாடகர் குழு தாழ்ந்த குரலில் ஒரு பாடலைத் தொடங்குகிறது. சொற்கள் தமிழ், மெட்டு ஆஸ்திரிய நாட்டது. ஜெர்மன் மொழியில் ‘ஸ்டில்லே நாஹ்ட்’ என்றும், ஆங்கிலத்தில் ‘சைலன்ட் நைட்’ என்றும் வழங்கும் அப்பாடலை இயற்றியவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

யோசேப்பு மோர் 1792ஆம் ஆண்டு சால்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தாய் பின்னல் வேலை செய்து பிழைத்த ஏழைப் பெண். தந்தை படையை விட்டு ஓடிப்போன வீரர். மணமாகாதவர்களின் பிள்ளை என்ற இழிசொல் அவரைத் தொடர்ந்தது. பேராலயக் குரு ஒருவரின் ஆதரவால் கல்வி கற்றுக் குருவானார். 1816இல் மரியாஃபார் என்னும் மலையூரில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தபோது, ஆறு பத்திகள் கொண்ட அக்கவிதையை எழுதினார். நெப்போலியன் காலப் போர்கள் ஓய்ந்து ஓராண்டே ஆகியிருந்தது. கோடை வராமல் ஐரோப்பாவெங்கும் பயிர்கள் பொய்த்த ஆண்டும் அதுவே.

பின்னர் மோர், படகுத் தொழிலாளர் வாழ்ந்த ஓபர்ன்டார்ஃப் ஊருக்கு மாற்றப்பட்டார். 1818 டிசம்பர் 24 அன்று அக்கவிதையை அவ்வாலயத்தில் ஆர்கன் இசைத்துவந்த பிரான்ஸ் சேவியர் க்ரூபரிடம் தந்தார். க்ரூபர் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர். இரு குரல்களுக்கும் பாடகர் குழுவுக்குமாக, கிட்டார் துணையுடன் பாடத்தக்க மெட்டு ஒன்றை மோர் கேட்டார். அன்றிரவே இருவரும் அதனைப் பாடினர். எலிகள் ஆர்கனைப் பழுதாக்கியதால் இப்பாடல் பிறந்தது என்றொரு கதை உண்டு. க்ரூபரே பிற்காலத்தில் எழுதிய குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஆர்கன் செப்பனிடுபவரான கார்ல் மௌராஹர் இப்பாடலைத் தம் ஊர்ப்பகுதியான ட்சில்லர்டாலுக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து ஊர் ஊராய்ப் பாடிச் சென்ற குடும்பங்கள் அதனைப் பரப்பின. ரைனர் குடும்பத்தார் 1839இல் நியூயார்க்கில் பாடினர். ஆனால் வழியில் ஆசிரியர்களின் பெயர்கள் உதிர்ந்துவிட்டன. நாட்டுப்பாடல் என்றனர் சிலர். மிக்கேல் ஹைடனின் படைப்போ என ஐயுற்றனர் சிலர். 1854இல் பெர்லின் அரசவை இசைக்குழுவினர் விசாரித்தபோதுதான், அவ்வாண்டு டிசம்பர் 30 அன்று க்ரூபர் உண்மையை எழுதி வைத்தார். மோரோ 1848இலேயே வாக்ரைன் என்னும் ஊரில் இறந்துவிட்டார். அவ்வூர் ஏழைப் பிள்ளைகள் படிக்க வழிசெய்திருந்த அவர், தமக்கென எதுவும் விட்டுச் செல்லவில்லை. கவிதை எழுதிய ஆண்டைக் குறிக்கும் அவரது கையெழுத்துப் படி 1995இல்தான் கண்டெடுக்கப்பட்டது.

இசைத்தட்டுகளின் காலம் வந்தது. அமெரிக்கப் பாடகரும் கத்தோலிக்கருமான பிங் கிராஸ்பி 1935இல் இதனைப் பதிவு செய்தார். புனிதப் பாடலைப் பாடிப் பொருளீட்டலாமா என்று அவர் முதலில் தயங்கினார். வருவாய் அறப்பணிக்குச் செல்லும் என்ற ஏற்பாட்டின் பேரிலேயே இசைந்தார். அவரே 1942இல் பதிவு செய்த ‘ஒயிட் கிறிஸ்மஸ்’ பல கோடித் தட்டுகள் விற்றது. அதன் மூலத்தட்டு தேய்ந்துபோனதால் 1947இல் மீண்டும் பாட நேர்ந்தது. அதனை இயற்றிய இர்விங் பெர்லின் பெரும் புகழும் செல்வமும் பெற்றார். மோருக்கு வாழ்நாளில் அவற்றுள் ஒன்றும் கிட்டவில்லை.

மோர் இதற்காக வருந்தியிருப்பார் என்று நாம் கருதவில்லை. அன்றிரவு தம் பங்கு மக்கள் பாட வேண்டும் என்பதற்காகவே அவர் மெட்டுக் கேட்டார், அவர்கள் பாடினார்கள். ஆயினும் கொடுத்தவரின் தாழ்மை, பெற்றவரின் மறதிக்குச் சாக்காகிவிடக் கூடாது. நம் பங்குகளிலும் பாடல் எழுதிய உபதேசியார்களும் மெட்டமைத்த ஆசிரியர்களும் வாழ்ந்திருக்கிறார்கள். பாடல் ஏடுகள் பலவற்றில் அவர்களது பெயர் இல்லை. முதியோர் நினைவில் மட்டும் அது எஞ்சியிருக்கலாம். வரும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன், அவர்களிடம் கேட்டு, ஏட்டின் ஓரத்திலேனும் அப்பெயர்களை எழுதி வைப்போம்.