செவிலியரைத் தெரிந்து தெளிதல்

பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளியாகும் நாள்களில், முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பங்குகளில் ஒரு காட்சியை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். செவிலியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் பெண்பிள்ளை, தாயையோ தமையனையோ துணைக்கு அழைத்துக்கொண்டு பங்குத்தந்தையின் இல்லத்துக்கு வருகிறாள். அவளுக்கு வேண்டியது நன்னடத்தைச் சான்று. தந்தை அவளுடைய குடும்பத்தை அறிவார். மறைக்கல்வி வகுப்பில் அவளைக் கண்டிருப்பார். மூன்று வரிகள் எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை வைத்துக் கொடுக்கிறார். மதிப்பெண் பட்டியலோடு அந்தத் தாளும் உறைக்குள் போகிறது.

அந்த உறைக்குள் இரண்டு கேள்விகளுக்கான விடைகள் இருக்கின்றன. இவளுக்கு அறிவு உண்டா என்பது ஒன்று. இவளை நம்பலாமா என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை காண உலகம் பல தேர்வுகளை வகுத்துவிட்டது. இரண்டாம் கேள்விக்கு மூன்று வரிகள் போதுமா? போதாதெனில், வேறு எதனால் அதை அளப்பது?

இது வெறும் கல்விக்கூடத்துக் கேள்வியன்று. நம் வட்டாரத்து வீடுகளை எண்ணிப் பாருங்கள். கண்மாய் நீரும் மழையும் ஏமாற்றிய காலங்களில் ஆண்பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். முதிய தாய் நோயுற்று மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும்போது, நள்ளிரவில் அவள் வாயில் தண்ணீர் விடுவது மகனுடைய கையன்று. முன்பின் அறியாத ஒரு செவிலியின் கை. அந்தக் கையை யார், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கும் உரிமை அந்தத் தாய்க்கு உண்டு. அந்தக் கேள்வியின் வரலாற்றையே இக்கட்டுரையில் நாம் திரும்பிப் பார்க்க விழைகிறோம்.

வள்ளுவர் வகுத்த வழி

'செவிலி' என்னும் சொல்லே நமக்கு ஒரு பாடம். சங்க இலக்கியத்தில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய், பெறாமல் தாயானவள். நோயாளியைப் பேணும் பெண்ணுக்குத் தமிழ் இந்தப் பெயரைச் சூட்டியது எவ்வளவு பொருத்தம்!

திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரம், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து பேணுபவரையும் சேர்த்து மருத்துவம் நான்கு கூறுடையது என்கிறது. வடமொழி மருத்துவ நூலாகிய சரக சம்ஹிதையும் இவ்வாறே நான்கு கூறுகளைச் சொல்லி, பேணுபவருக்கு வேண்டிய பண்புகள் நான்கையும் எண்ணிக் காட்டுகிறது: பணிவிடை செய்யும் அறிவு, கைத்திறன், நோயாளிபால் அன்பு, தூய்மை. திறனையும் குணத்தையும் பிரிக்காமல் ஒரே பட்டியலில் வைத்த அந்தத் தெளிவு வியப்புக்குரியது.

ஆளைச் சோதித்துப் பணியில் அமர்த்துவதைப் பற்றி வள்ளுவர் இரண்டு அதிகாரங்களையே ஒதுக்கினார். 'தெரிந்து தெளிதல்' என்பது 51-ஆம் அதிகாரம். 'தெரிந்து வினையாடல்' என்பது 52-ஆம் அதிகாரம். அறம், பொருள், இன்பம், உயிருக்கு வரும் அச்சம் என்னும் நான்கினாலும் ஒருவனை ஆராய்ந்த பின்னரே நம்புக என்கிறார். குற்றமே இல்லாதவரைத் தேடாமல், குணத்தையும் குற்றத்தையும் நிறுத்துப் பார்த்து மிகுந்ததைக் கொள்ளச் சொல்கிறார். அரசனுடைய அலுவலர்களுக்காகச் சொல்லப்பட்டவை இவை. ஆயினும், எத்தனை வகையாக ஆராய்ந்து எடுத்தாலும் பணியில் அமர்ந்தபின் வேறாகிப் போகிறவர்கள் பலர் என்று அவரே 514-ஆம் குறளில் எச்சரிப்பதை எந்த மருத்துவமனை நிர்வாகியும் மறுக்கமாட்டார். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் தீராத் துன்பம் தரும் என்பது 510-ஆம் குறள். இந்த இரண்டையும் மனத்தில் நிறுத்திக்கொண்டு மேலே செல்வோம்.

விலக்கப்பட்ட ஊழியர்

1571-ஆம் ஆண்டளவில், உரோமை நகரின் புனித யாக்கோபு மருத்துவமனைக்கு ஓர் இளைஞர் வந்தார். காலில் ஆறாத புண். அதற்கு மருத்துவம் பார்த்துக்கொண்டே அங்கு ஊழியராகவும் வேலை செய்தார். ஆனால் சூதாட்டம் அவரை விடவில்லை, சண்டைக்குணம் வேறு. சில மாதங்களிலேயே நிர்வாகம் அவரை வெளியேற்றியது. அந்த முடிவில் தவறொன்றும் இல்லை. நோயாளிகளை விட்டுவிட்டுச் சூதாடப் போகும் ஊழியரை எந்த மருத்துவமனை வைத்துக்கொள்ளும்?

அவர்தான் கமில்லஸ் தெ லெல்லிஸ். 1550-இல் இத்தாலியில் பிறந்து, வெனிசு நாட்டுப் படையில் போர்வீரராக இருந்தவர். 1575-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் மனந்திரும்பினார். கப்புச்சின் துறவிகளோடு சேர விழைந்தார். காலின் புண் அதற்கும் தடையாயிற்று. மீண்டும் அதே மருத்துவமனைக்குத் திரும்பினார். ஒரு காலத்தில் அவரை விலக்கிய அந்த இல்லமே பின்னர் அவரைத் தன் மேலாளராக ஏற்றது. கூலிக்காக அன்றி அன்புக்காக நோயாளிகளைப் பேணுவோரைத் திரட்டி அவர் தொடங்கிய குழு, 1591-இல் துறவற சபையாக உயர்ந்தது. தாய் தன் நோயுற்ற ஒரே மகனைப் பேணுவதுபோல் நோயாளியைப் பேண வேண்டும் என்பது அவர் தம் தோழர்களுக்கு வகுத்த ஒழுங்கு. 1746-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1886-இல் அவரை நோயாளிகளின் பாதுகாவலராகவும், திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் 1930-இல் செவிலியரின் பாதுகாவலராகவும் அறிவித்தார்கள்.

இன்றைய நடத்தைத் தேர்வு எதிலும் அந்த 1571-ஆம் ஆண்டு இளைஞர் தேறியிருக்கமாட்டார். இதனால் தேர்வே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அவரை விலக்கியது நோயாளிகளின் பொருட்டுச் சரி. திரும்பி வந்தபோது கதவைத் திறந்ததும் சரி. ஒருவர் இன்று எப்படி இருக்கிறார் என்பதையே சோதனை சொல்லும். நாளை எப்படி ஆவார் என்பது அதற்கு எட்டாது. இவ்வுண்மையை உணர்ந்தவர் கையில்தான் எந்தத் தேர்வும் நீதியாக அமையும்.

மாதம் ஒரு தாள்

அடுத்து நாம் 19-ஆம் நூற்றாண்டின் இலண்டனுக்குச் செல்ல வேண்டும். அக்காலத்துக் கூலிச் செவிலியருள் பலருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. அத்தொழிலுக்கே நற்பெயர் இல்லை. 1854 அக்டோபரில் கிரிமியப் போர்க்களத்துக்குப் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் புறப்பட்டபோது, உடன் செல்லத் தகுந்தவர்களைக் கண்டெடுப்பதே பெரும்பாடாயிற்று. இறுதியில் 38 பேர் சென்றனர். அவர்களில் 10 பேர் கத்தோலிக்க அருட்சகோதரிகள். பெர்மாண்ட்சி மடத்துத் தலைவி அன்னை மேரி கிளார் மூர், அம்மையாருக்கு வாழ்நாள் தோழியானார்.

போருக்குப்பின், மக்கள் திரட்டித் தந்த நிதியைக்கொண்டு, புனித தோமா மருத்துவமனையில் 1860-இல் அம்மையார் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். வருபவர்களிடம் நன்னடத்தைச் சான்று கேட்டார்கள். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பயிற்சிச் செவிலிக்கும் மாதந்தோறும் ஒரு மதிப்பீட்டுத் தாள் எழுதப்பட்டது. அதன் ஒரு பகுதி கைத்திறனைப் பற்றியது: புண்ணுக்குக் கட்டுப் போடுதல், நோயாளியை நகர்த்துதல், படுக்கை விரித்தல் முதலியன. மறுபகுதி நடத்தையைப் பற்றியது: நேரந்தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, தூய்மை, நோயாளர் கூடத்தை ஒழுங்காக வைத்தல். பணியில் அமர்த்தும் முன்னர்ச் செய்யப்பட்ட சோதனைதான் இதுவும். ஆனால் அது ஓராண்டு நீண்டது, படுக்கையருகே நடந்தது.

1887-இல் இங்கிலாந்தில் செவிலியர் சங்கம் ஒன்று தோன்றி, தேர்வெழுதித் தேறியவர்களைப் பொதுப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்று கோரியபோது, அம்மையார் கடுமையாக எதிர்த்தார். தேர்வுத்தாள் அறிவை அளக்கும், குணத்தை அளக்காது என்பதே அவர் வாதம். மறுபக்கத்தாரின் வாதத்திலும் நியாயம் இருந்தது: பதிவேடு இல்லையேல் பயிற்சியே பெறாதவரும் செவிலி என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார், ஏழை நோயாளிக்கு யார் காவல்? 1910-இல் அம்மையார் மறைந்தார்; 1919-இல் இங்கிலாந்தில் பதிவுச் சட்டம் வந்தது. ஆனால் குணத்தை எப்படி அளப்பது என்ற கேள்விக்குச் சட்டம் விடை தரவில்லை.

நம் மண்ணில்

சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் நான்கு மாணவியரோடு பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909-இல் செவிலியர் பயிற்சி வந்தது. 1946-இல் அது பட்டப்படிப்பாயிற்று. 1926-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய வழிவகுத்தது. 1947-இல் இந்திய செவிலியர் மன்றச் சட்டம் நிறைவேறியது. அதற்கு முந்திய ஆண்டில் வெளியான போர் குழுவின் அறிக்கை, நாட்டில் 43,000 பேருக்கு ஒரு செவிலியே இருப்பதாகக் கணக்கிட்டது. பசித்தவன் சோற்றைப் பதம் பார்ப்பதில்லை. ஆள் கிடைத்தாற் போதும் என்ற நிலையில் குணம் பார்த்து எடுப்பது எங்ஙனம்?

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தன் மருத்துவ மாணவரைத் தெரிந்தெடுக்க நெடுங்காலம் ஒரு முறையைக் கையாண்டு வந்தது. எழுத்துத் தேர்வில் தேறியவர்களைச் சில நாள் வளாகத்துக்கு அழைத்து, குழுவாக வேலை செய்யவிட்டு, அவர்கள் பழகும் விதத்தை ஆசிரியர்கள் கவனிப்பார்கள். நாடு முழுமைக்கும் ஒரே நுழைவுத் தேர்வு என்ற முறை வந்தபோது கல்லூரி வழக்காடியது. 2020 ஏப்ரலில், பொதுத்தேர்வு சிறுபான்மை நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவரைத் தெரிந்தெடுப்பதில் முறைகேடு நுழையாதபடி காக்க எல்லார்க்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். குணத்தைக் கண்ணால் பார்த்து எடை போடும்போது, பார்ப்பவரின் விருப்புவெறுப்பும் தராசில் ஏறிவிடும் என்ற அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. சாதியின் நிழல் நீண்டு விழும் நம் வட்டாரத்தில் இது இன்னும் மெய். 'நல்ல குடும்பத்துப் பெண்' என்ற சொல்லுக்குள் எத்தனை கதவடைப்புகள் ஒளிந்திருக்கின்றன!

தமிழக அரசு 2012-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தை அமைத்தது. அது 2015 ஜூனில் 7,243 செவிலியர் இடங்களுக்கு எழுத்துத் தேர்வு நடத்தியது. எந்தச் சிற்றூர்ப் பெண்ணும் யாருடைய பரிந்துரையும் இன்றி எழுதலாம். இது பெரும் பேறு. ஆனால் தேறியவர்களுக்குத் தொடக்கத்தில் கிடைத்தது மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியம். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராடினார்கள். பின்னரே ஊதியம் உயர்ந்தது.

சோதிப்பவரையும் சோதித்தல்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் பெருந்துன்பத்துக்கு உள்ளானார்கள். தண்ணீர் கைக்கெட்டாமலும் அழுக்கில் கிடந்தும் முதியவர்கள் வாடினார்கள். ஃபிரான்சிஸ் ஆணையம் 2013 பிப்ரவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது. செவிலியர் தொழிலுக்கு வருவோரின் பரிவையும் மனப்பாங்கையும் அறியும் தேர்வு ஒன்றை எண்ணிப் பார்க்குமாறு அது பரிந்துரைத்தது. பின்னர் அந்நாட்டில் பண்புகளைக் கேட்டறிந்து ஆளெடுக்கும் முறை பரவியது. அங்குச் செல்லும் நம் செவிலியரும் 2014 முதல் செயல்முறைத் தேர்வு ஒன்றை எழுத்துத் தேர்வோடு எதிர்கொள்கின்றனர். 1975-இல் டண்டீ நகரில் ரொனால்டு ஹார்டன் மருத்துவ மாணவர்களுக்காக வகுத்த முறையின் வழிவந்தது அது. வரிசையாக அமைந்த நிலையங்களில், நோயாளியாக நடிப்பவர்முன் மாணவி செய்து காட்ட வேண்டும். கை கழுவினாளா, நோயாளியிடம் தன் பெயரைச் சொன்னாளா, அவர் இசைவைக் கேட்டாளா என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் இடுவார்கள்.

நல்ல முறைகள்தாம். ஆனால் அதே அறிக்கை மற்றொன்றையும் சொன்னது. அந்த மருத்துவமனையில் செவிலியர் எண்ணிக்கை போதவில்லை. நிர்வாகம் செலவைக் குறைப்பதிலும் இலக்குகளை எட்டுவதிலுமே கருத்தாயிருந்தது. குறையைச் சொன்னவர்களின் குரல் எடுபடவில்லை. நல்லவரை எடுத்து அத்தகைய கூடத்தில் விட்டாலும் அவர் எவ்வளவு நாள் தாங்குவார்? பணியில் அமர்ந்தபின் வேறாகிப் போகிறவர்கள் பலர் என்று வள்ளுவர் சொன்னாரே, அவர்களை வேறாக்குவது சில வேளை அந்தப் பணியிடமே அல்லவா?

ஆகவே நாம் இந்த முடிவுக்கு வருகிறோம். செவிலியைப் பணியில் அமர்த்தும் முன் அவள் கைத்திறனைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஊசி மருந்தின் அளவில் நேரும் பிழையை நல்ல மனம் ஈடுசெய்யாது. அவள் குணத்தையும் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு மணி நேரத் தாளிலோ மூன்று வரிச் சான்றிலோ அன்று. அனுபவமுள்ள மூத்த செவிலியின் கண்காணிப்பில், படுக்கையருகே, மாதக்கணக்கில், குடும்பமும் ஊரும் கேளாமல் பார்க்க வேண்டும். தவறினவர் திருந்தி வந்தால் நுழைய ஒரு வாயிலும் இருக்க வேண்டும். தெளிந்தபின் அவளை நம்ப வேண்டும். அவளுக்குத் தகுந்த ஊதியமும் ஓய்வும், தாங்கக்கூடிய அளவு நோயாளிகளும் தந்தாலன்றி அவள் பரிவைப் பரிசோதிக்கும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் இல்லை. நம் திருச்சபை நடத்தும் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும்.

2022 முதல் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. நம் தாய்மார் மதுரைவரை போகாமல் மருத்துவம் பெறும் வாய்ப்பு பெருகியிருக்கிறது. நம் பெண்பிள்ளைகள் அங்கே வெள்ளுடையில் நிற்கும் நாளும் வரும். அதுவரை, சான்று கேட்டு வரும் பிள்ளையிடம் பங்குத்தந்தையும் பெற்றோரும் ஒன்று கேட்கலாம்: உன் தெருவில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவர் யாரையேனும் இந்த ஆண்டு நீ போய்ப் பார்த்தாயா? 'ஆம்' என்பாளாயின், அதைச் சான்றின் நான்காம் வரியாக எழுதலாம். 'இல்லை' என்பாளாயின், விண்ணப்பம் அனுப்ப இன்னும் சில நாள்கள் இருக்கின்றன. அந்தப் படுக்கையும் இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறது.