603104 (எண்)

603104 (ஆறு லட்சத்து மூவாயிரத்து நூற்று நான்கு) ஓர் இரட்டை எண். மாமல்லபுரத்தின் அஞ்சல் குறியீட்டு எண். 1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான ஆறிலக்க முறையில் 6 தமிழகமும் கேரளமும் அடங்கிய தென்மண்டலத்தையும், 603 செங்கல்பட்டு வட்டாரத்தையும், 104 அஞ்சலகத்தையும் குறிக்கின்றன. கடிதம் பிரிப்பதற்காக இடப்பட்ட எண்தான். ஆனாலும் எண்ணியலின் பழைய கேள்விகள் பலவற்றை இதைக் கொண்டே விளக்கிவிடலாம்.

இந்த எண் 2ஆல் ஐந்து முறை வகுபடும், மிஞ்சுவது 18847. காரணிச் செடி வரைபவர்கள் திணறும் இடம் இது. 3 முதல் 43 வரை எந்தப் பகா எண்ணாலும் 18847 வகுபடாது. அதை 18800 + 47 என்று பிரித்துப் பார்த்தால் 47 × 401 என்பது மனக்கணக்கிலேயே வந்துவிடும். ஆகவே 603104 = 2⁵ × 47 × 401. வகுத்திகள் 6 × 2 × 2 = 24. தனக்குக் கீழுள்ள எண்கள் அனைத்தையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களை இராமானுஜன் 1915ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆராய்ந்தார். அவ்வகை எண்களில் ஒன்றான 360க்கும் வகுத்திகள் 24தான்.

தன்னை நீக்கிய மற்ற வகுத்திகளைக் கூட்டினால் 612544 வருகிறது. அது 603104ஐவிட 9440 கூடுதல் என்பதால் இது மிகை எண். காரணம் 2⁵ × 47 = 1504 என்ற பகுதியிலேயே இருக்கிறது. 2⁵இன் வகுத்திகளின் கூட்டுத்தொகை 63. அதைவிடச் சிறிய ஒற்றைப்படைப் பகா எண் எதை 2⁵உடன் பெருக்கினாலும் மிகை எண்ணே கிடைக்கும். மிகையின் அளவு 63இலிருந்து அப்பகா எண்ணைக் கழித்தது. 1504க்கு அது 63 − 47 = 16. மிகை எண்ணின் மடங்குகள் எல்லாம் மிகை எண்களே. 63 பகா எண்ணாக இருந்திருந்தால் 2⁵ × 63, தன்னை நீக்கிய வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான, யூக்ளிட் சொன்ன நிறை எண்ணாகியிருக்கும்; 63 = 7 × 9 என்பதால் அது நடக்கவில்லை.

401 = 20² + 1². ஆனால் 47ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3. இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையில் அத்தகைய பகாக் காரணி இரட்டைப்படை முறைதான் வர முடியும்; 47 ஒருமுறை மட்டுமே வருவதால், 603104ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதவே முடியாது. மூன்று வர்க்கங்கள் போதும்: 776² + 28² + 12².

இதற்கு முந்தைய எண்ணான 603103, சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்தின் அஞ்சல் குறியீடு. அக்கழகத்தை 1989இல் நிறுவிய சி. எஸ். சேஷாத்ரி, செங்கல்பட்டில் பள்ளிக் கல்வி பயின்றவர்.

செங்கல்பட்டு நகரின் 603001 முற்றிலும் வேறு வகை: 7 × 86143, நான்கே வகுத்திகள். 86143 பகா எண்தானா என்று உறுதிசெய்ய 293 வரையுள்ள 62 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். தாளும் பேனாவும் கொண்டு ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம்.