முத்துக்குளித்துறையில் மருத்துவம் கற்ற வழி

தூத்துக்குடியில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 2000ஆம் ஆண்டில். ஆனால் இந்தக் கடற்கரையில் நோயாளியைக் கவனிக்கவும் மருந்து கொடுக்கவும் இளைஞர்கள் பயின்ற வரலாறு அதைவிடப் பல நூற்றாண்டு பழையது. ஆசான் வீட்டுத் திண்ணை, மிஷன் மருந்தகம், முத்துக்குளிப்பு முகாம், துறைமுகத் தடுப்பு முகாம் என்று அந்தப் பயிற்சிக்கு இடங்கள் பல இருந்தன. இந்த இடங்களில் எல்லாம் முதலில் வந்தது வேலை. நூலும் தேர்வும் அதன் பின்னாலேயே வந்தன. இன்று வரிசை மாறிவிட்டது. தேர்வு முதலில், நோயாளி பிறகு. இந்த மாற்றம் எப்படி வந்தது, அதில் எது கிடைத்தது, எது கைவிட்டுப் போனது என்பது மருத்துவப் படிப்பை நாடும் ஒவ்வொரு மாணவரும் அறிய வேண்டிய செய்தி.

ஆசானும் சீடனும்

தென்பாண்டிச் சீமையின் மற்ற பகுதிகளைப் போலவே இங்கும் மூத்த மருத்துவ முறை சித்த மருத்துவம். பெரும்பாலும் தந்தையிடம் மகனும், ஆசானிடம் சீடனும் கற்றார்கள். சீடனுக்கு முதல் வேலை மூலிகை பறித்துவருவது. அடுத்தது இடிப்பது, அரைப்பது, சலிப்பது, புடம்போடும்போது தீயைக் கவனிப்பது. ஆசான் நாடி பார்க்கும்போது அருகில் நின்று பார்ப்பான். தானே நாடியில் விரல் வைக்கும் நாள் பல ஆண்டுகள் கழித்துத்தான் வரும். பிள்ளைப்பேறு மருத்துவச்சியின் பொறுப்பில் இருந்தது. அந்தக் கலையைப் பெண்கள் தாயிடமும் பாட்டியிடமும் உடன் சென்று பழகினார்கள். கடலோர ஊர்களில் இவற்றோடு கடல் தந்த காயங்களும் சேர்ந்தன: திருக்கை முள் குத்து, சொறிமீன் பட்ட தடிப்பு, பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், உரசிக் கிழிந்த கால்.

இந்த முறையில் சீடனைத் தேர்ந்தெடுத்தது மதிப்பெண் அன்று, அவனுடைய பொறுமை. பல ஆண்டு உடனிருந்து பார்த்த பிறகே ஆசான் முக்கியமான மருந்துகளைச் சொல்லிக்கொடுத்தார். அதன் குறையும் வெளிப்படையானது. சாதியும் குடும்பமும் வாசலை அடைத்தன. கற்றது வெளியே பரவவில்லை. 1964இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டபோதுதான் இந்தப் பகுதியில் சித்த மருத்துவம் பாடத்திட்டமும் பட்டமும் உள்ள படிப்பாயிற்று.

புன்னைக்காயல் மருத்துவமனை

ஐரோப்பிய வழியிலான மருத்துவப் பணி இந்தக் கரையில் போர்த்துக்கீசியர் காலத்தில் தொடங்கியது. 1530களில் இந்தக் கரையின் கடலோடி மக்களான பரதவர் கிறிஸ்தவத்தைத் தழுவினர். 1542இல் மறைபரப்பாளர் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவருக்குப் பின் இங்கு நீண்டகாலம் பணியாற்றியவர் அண்டிரிக் அடிகளார் என்று தமிழர் அழைக்கும் என்றிக்கே என்றிக்கஸ். தமிழில் அச்சு நூல்கள் வெளிவரக் காரணமானவர் என்று அவர் போற்றப்படுகிறார். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் அவர் ஒரு மருத்துவமனையும் அமைத்தார். முத்துக்குளிக்கும் மக்கள் தந்த பொருளுதவியே அதற்குத் தூணாக நின்றது. 1600இல் மறையும் வரை அவர் இந்தக் கரையைச் சார்ந்தே வாழ்ந்தார்.

அந்த மருத்துவமனை மருத்துவப் பள்ளி அன்று. இருந்தாலும், குடும்பமோ ஆசானோ அல்லாத ஒரு பொது இடத்தில் நோயாளிகளைப் படுக்கவைத்துப் பராமரிக்கும் வழக்கம் இங்கு வேர்விட்டது. உள்ளூர் மக்களே செலவை ஏற்றது இன்னும் முக்கியமானது. மருத்துவமனை என்பது அரசனின் தானம் என்ற நிலை மாறி, ஊர் தாங்கும் நிறுவனமாக அது இங்கே அறிமுகமானது.

முத்துக்குளிப்பு முகாம்

சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடப்பதன்று. பார்களில் சிப்பி விளைந்திருப்பதைப் பார்த்து அரசு அறிவித்தால்தான் நடக்கும். அறிவிப்பு வந்ததும் வெறும் மணல்வெளியில் சில நாட்களில் ஓர் ஊரே எழும். குளியாளிகள், தோணிக்காரர்கள், வணிகர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். குளியாளி கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பியை அள்ளிப் பையில் போடுவார். மேலே தோணியில் இருப்பவர் கயிற்றை இழுத்து அவரை ஏற்றுவார். இது மீண்டும் மீண்டும் தொடரும். காது வலி, செவிப்பறை கிழிதல், மூக்கில் இரத்தம் ஆகியவை தொழிலோடு வந்த துன்பங்கள்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து கரையில் இருந்தது. சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, சதை கரைந்தபின் கழுவி முத்தெடுப்பது வழக்கம். அழுகல் நாற்றமும் ஈக்களும் முகாம் முழுவதையும் மூடும். குடிநீர் குறைவு, கழிப்பிடம் இல்லை. காலரா புகுந்தால் முகாமே கலைந்துவிடும். ஆகவே பிரிட்டிஷ் ஆட்சியில் முத்துக்குளிப்போடு தற்காலிக மருத்துவமனை, கிணறுகளுக்குக் காவல், துப்புரவு ஆட்கள் ஆகிய ஏற்பாடுகளும் சேர்ந்து வரலாயின. ஒரு மருத்துவரோடு வந்த உதவியாளர்கள் சில வாரங்களில் இங்கே கற்றது, தனித்தனி நோயாளிகளை மட்டும் பார்த்தால் கிடைக்காத பாடம். ஒரு கூட்டம் முழுவதையும் நோயிலிருந்து காப்பது எப்படி என்ற அந்தப் பாடத்தையே இன்று சமூக மருத்துவம் என்கிறோம். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு வரிசை 1955 முதல் 1961 வரை நடந்தது.

நாசரேத்தும் கம்பவுண்டர்களும்

தூத்துக்குடிக்குத் தெற்கே தேரிக்காட்டு ஓரத்தில் உள்ள நாசரேத்தில் 1870இல் டாக்டர் ஸ்ட்ராக்கன் மருத்துவப் பணியைத் தொடங்கினார். இன்றைய தூய லூக்கா மருத்துவமனையின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. 1876இல் மிஷனரி மர்காஷிஸ் அங்கு வந்தார். அவர் வந்ததும் தாது வருடப் பஞ்சமும் சேர்ந்தே வந்தன. பசியும் காலராவும் ஊர்களைக் காலிசெய்த அந்த ஆண்டுகளில் அவர் அனாதை இல்லம், பள்ளிகள், தொழிற்பள்ளி, மருத்துவம் ஆகிய பணிகளை ஒன்றாக நடத்தினார். 1908இல் இறக்கும் வரை நாசரேத்தை விட்டு அவர் பெயரவில்லை. நாசரேத்தின் தந்தை என்று ஊரார் அவரை இன்றும் நினைக்கிறார்கள்.

இத்தகைய மிஷன் மருந்தகங்களில் உள்ளூர் இளைஞர்கள் கம்பவுண்டராகவும் டிரஸ்ஸராகவும் உருவானார்கள். தொடக்கம் எளிய வேலைகள்: புட்டி கழுவுதல், கல்வத்தில் மருந்து பொடித்தல், பொடியைத் தாளில் சமமாகப் பங்கிட்டு மடித்தல், புண்ணைக் கழுவிக் கட்டுப்போடுதல். மிக்ஸ்சர் புட்டியின் பக்கத்தில் ஒட்டும் அளவுக் காகிதம் அந்தக் காலத்துக் கம்பவுண்டரின் அடையாளம். நீளமான தாளை மடித்து, விளிம்பில் கத்தரிக்கோலால் சிறு வெட்டுகள் வைத்துப் பிரித்து ஒட்டினால், ஒவ்வொரு பல்லும் ஒரு வேளை மருந்து. எழுத்தறியாத நோயாளியும் ‘ஒரு அளவு குடி’ என்றால் தவறாமல் குடிக்க இது உதவியது. மருந்தின் அறிவும் நோயாளியின் நிலையைப் பற்றிய அறிவும் அந்தச் சிறு தாளில் கூடியிருந்தன. இரண்டும் சேர்ந்தால்தான் சிகிச்சை நடக்கும் என்பதைக் கம்பவுண்டர் தொழிலின் முதல் மாதத்திலேயே புரிந்துகொண்டார்.

இதே காலத்தில் அக்கம்பக்கத்திலும் முறையான வகுப்புகள் தோன்றின. தெற்குத் திருவிதாங்கூரில் நெய்யூர் மருத்துவமனையில் டாக்டர் ஜான் லோ 1860களில் உள்ளூர் இளைஞர்களுக்கு வகுப்பு நடத்தினார். பயின்றவர்கள் கிளை மருந்தகங்களை ஏற்றார்கள். கடலுக்கு அக்கரையில், யாழ்ப்பாணத்து மானிப்பாயில், டாக்டர் சாமுவேல் கிறீன் 1848 முதல் மாணவர்களைச் சேர்த்தார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு பற்றிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அவரிடம் பயின்று வெளிவந்தவர்கள் 60 பேருக்கு மேல். ஏறத்தாழ பாதிப் பேர் தமிழில் படித்தவர்கள். காலையில் நோயாளிகளோடு, பிறகு பாடநூலோடு என்ற அவருடைய முறை, தாய்மொழியில் நவீன மருத்துவம் கற்பிக்க முடியும் என்பதற்கு நிலையான சான்று.

துறைமுகத்தின் பாடம்

1876இல் இரயில் வந்தபின் தூத்துக்குடி, கொழும்புக்குப் போகும் முக்கிய வாசலாயிற்று. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் இந்த வழியே கப்பலேறினார்கள். பிளேக் பரவிய காலத்தில் அவர்களை நிறுத்திச் சோதிக்க, தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் முகாம் அமைந்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வந்ததும் அந்தப் பணி மண்டபம் முகாமுக்கு மாறியது. ஒருவரைப் பார்த்த சில நிமிடங்களில் காய்ச்சலா, அம்மையா, வெறும் களைப்பா என்று கண்டுபிடிக்கும் திறன் அந்த முகாம் ஊழியர்களுக்கு அன்றாடத் தேவை. அதே முகாமில் ஏழைத் தொழிலாளர் பட்ட அவமதிப்பும் வரலாற்றின் பகுதியே. நோய்த்தடுப்பு என்ற பெயரில் மனிதரைச் சரக்கைப் போல நடத்தும் ஆபத்தையும் துறைமுகம் கற்றுத்தந்தது.

கல்லூரிக் காலம்

சென்னையில் மருத்துவப் பள்ளி தொடங்கியது 1835இல். எல்.எம்.பி. என்ற மருத்துவப் பட்டயம் படிக்க ராயபுரம் போன்ற பள்ளிகள் இருந்தன. ஆனால் தூத்துக்குடி இளைஞருக்கு அவை தொலைதூரம். 1954இல் மதுரையிலும் 1965இல் திருநெல்வேலியிலும் கல்லூரிகள் வந்தபோது தொலைவு குறைந்தது. 1986இல் தனி மாவட்டமான தூத்துக்குடிக்கு 2000இல் சொந்தக் கல்லூரி கிடைத்தது. மாவட்டத் தலைமை மருத்துவமனையே அதன் பயிற்சிக்களம் ஆனது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 100 இடங்கள், பின்னர் 150.

படிப்பு கல்லூரிக்குள் போனதும், கிராமத்தை மாணவர் காணாமலே பட்டம் பெறும் நிலை வந்தது. இதைத் திருத்த முயற்சிகள் தொடர்ந்து நடந்தன. 1946இல் வெளிவந்த போர் (Bhore) குழு அறிக்கை, மருத்துவர் சமூகத்தை அறிந்தவராக இருக்க வேண்டும் என்று கூறி, நோய்த்தடுப்பு மருத்துவத்தில் மூன்று மாதப் பயிற்சியை வலியுறுத்தியது. 1977இல் வந்த திட்டம் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியையும் மூன்று ஆரம்ப சுகாதார நிலையங்களோடு இணைத்தது. 2019இல் புதிய பாடத்திட்டம் முதலாண்டிலேயே மாணவரை நோயாளியிடம் அழைத்துச் சென்றது. பின்னர் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் வந்தது. ஒவ்வொரு மாணவரும் ஒரு கிராமத்தில் சில குடும்பங்களைப் பொறுப்பேற்று, படிப்புக்காலம் முழுவதும் அவர்களுடைய உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். இறுதித் தேர்வுக்குப் பின் 12 மாதம் சி.ஆர்.ஆர்.ஐ. எனப்படும் கட்டாயச் சுழற்சி உறைவிடப் பயிற்சி. மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தைகள் நலம், அவசர சிகிச்சை என்று பிரிவு பிரிவாகச் சுற்றிவரும் அந்த ஓராண்டில்தான் மாணவர் மருத்துவராகிறார்.

இந்த மாவட்டம் அந்தப் பயிற்சிக்குத் தரும் பாடங்கள் தனித்தன்மை உடையவை. உப்பளத் தொழிலாளர்களின் கண் எரிச்சலும் பாத வெடிப்பும் இங்கு அடிக்கடி காணக்கிடைப்பவை. கம்ப்ரசர் குழாயில் காற்றை வாங்கிக்கொண்டு சங்கு எடுக்கும் குளியாளி, ஆழத்திலிருந்து விரைவாக ஏறினால் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டு வலியும் பக்கவாதமும் வரலாம். கைகால் வராமல் கொண்டுவரப்படும் இளைஞரிடம் ‘என்ன தொழில், இன்று கடலுக்குப் போனீர்களா’ என்று கேட்கத் தெரிந்த பயிற்சி மருத்துவரே நோயைக் கண்டுபிடிப்பார்.

நுழைவும் சேவையும்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர், மருத்துவரின் உடனிருந்து பார்த்தது, மருத்துவமனையிலோ முதியோர் இல்லத்திலோ தொண்டு செய்தது ஆகியவற்றையும் எடுத்துச்சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இடத்தைத் தீர்மானிப்பது மதிப்பெண். 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண், 2017 முதல் நீட் நுழைவுத் தேர்வு மதிப்பெண். 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி இடங்கள் உண்டு. சேவைக்கு மதிப்பெண் இல்லை. இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. பரிந்துரையும் வசதியும் உள்ளவர்களே அனுபவச் சான்று திரட்ட முடியும் என்றால், மீனவர் வீட்டுப் பிள்ளையும் உப்பளத் தொழிலாளி மகளும் பின்தங்கிவிடுவார்கள்.

ஆயினும் வாய்ப்புகள் பள்ளி, கல்லூரியிலேயே இருக்கின்றன. பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸ், கல்லூரியில் யூத் ரெட் கிராஸ், 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம், இரத்ததான முகாம், கண் சிகிச்சை முகாம் ஆகியவற்றுக்குப் பணமோ பரிந்துரையோ தேவையில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டி மாவட்டமே வெள்ளத்தில் மூழ்கியபோது, ஊர் ஊராக மருத்துவ முகாம்கள் நடந்தன. அத்தகைய நாட்களில் வரிசையை ஒழுங்குபடுத்துவது, முதியவரின் கையைப் பிடித்து அழைத்துவருவது, மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது ஆகியவை எந்த மாணவரும் செய்யக்கூடிய பணிகள்.

மருத்துவம், செவிலியம், மருந்தாளுமை என்று எந்தப் படிப்பை நாடினாலும், விண்ணப்பிக்கும் முன் சில நாட்களாவது நோயாளிகளிடையே இருந்து பார்ப்பது நல்லது. இடம் கிடைக்க அது உதவாது. ஆனால் இந்தத் தொழில் தனக்கு ஏற்றதா என்பதை அறிய அதைவிட நல்ல வழி வேறில்லை. மூலிகை இடித்த சீடனும் புட்டி கழுவிய கம்பவுண்டரும் அப்படித்தான் தொடங்கினார்கள்.