பரதேசிகளின் தெரு

'பரதேசி' என்றால் நம்மூரில் திட்டு. கொச்சி மட்டாஞ்சேரியில் அது ஒரு யூத ஆலயத்தின் பெயர். வெளிதேசங்களிலிருந்து வந்து குடியேறிய யூதர்கள் 1568ல் கட்டியது.

1951ல் இன்றைய கேரளப் பகுதியில் சுமார் 1.35 கோடி பேர். 2011 சென்சஸில் 3.34 கோடி. 1961-71ல் மட்டும் 26 சதவீத வளர்ச்சி! அதே காலத்தில்தான் இந்த யூதத்தெரு காலியானது. யாரும் விரட்டவில்லை. 1948ல் இஸ்ரேல் உருவான பிறகு, 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். மட்டாஞ்சேரிக்காரர்கள் கொஞ்சம் மெதுவாகக் கிளம்பினார்கள்.

யூதர்களின் கூட்டு வழிபாட்டுக்கு 13 வயது நிறைந்த ஆண்கள் 10 பேர் வேண்டும் என்பது மரபு. கோடிக்கணக்கில் ஜனம் பெருகிய மாநிலத்தில் அந்தப் பத்துப் பேர் தேறவில்லை. தெருவில் எம்பிராய்டரி கடை வைத்திருந்த சாரா கோஹன் பாட்டியும் 2019ல், 96 வயதில் காலமானார். ஆலயத்தைப் பார்க்க டூரிஸ்ட் கூட்டம் மட்டும் குறையவில்லை.

நாமும் இப்போது பரதேசிகள்தானே? தமிழ்நாட்டில் ஏழு கோடிக்கு மேல் இருக்கிறார்கள், தமிழுக்கு என்ன குறை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இங்கே சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடக்க பத்துப் பிள்ளைகளாவது வரவேண்டும்.

உங்கள் ஊர் வகுப்பில் இந்த வாரம் எத்தனை பேர்?