ஆட்காட்டி கத்தினாலும் அசராத பன்றிகள்: ஊசுடு, பாகூர் ஏரிகளில் தரைக்கூடுகளுக்கு என்ன ஆபத்து?

சித்திரை வெயிலில் ஏரித் தண்ணீர் உள்வாங்கும் நேரம். வில்லியனூர், பாகூர் பக்கம் கரையோரமா நடந்தால் தலைக்கு மேல் ஒரு பறவை கத்திக்கொண்டே வட்டமடிக்கும். அதுதான் ஆட்காட்டி. இப்படி விடாமல் கத்துகிறது என்றால், பக்கத்தில் எங்கோ வெறும் தரையில் அதன் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம்.

ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டாது. மண்ணில் சின்னதா ஒரு பள்ளம், சுற்றி நாலு கூழாங்கல், அவ்வளவுதான் கூடு. வழக்கமாக 4 முட்டை. மண் நிறத்தில் கரும்புள்ளியோடு இருப்பதால் காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கௌதாரி, காடை, பக்கி, வானம்பாடி, மயில் எல்லாமே தரையில் முட்டையிடுபவைதான்.

இந்தத் தந்திரம் காக்கா, பருந்து மாதிரி கண்ணால் தேடும் எதிரிக்குத்தான் எடுபடும். பன்றி தேடுவது மூக்கால். மண்ணுக்கு அடியில் இருக்கிற கிழங்கையே மோப்பம் பிடித்துத் தோண்டும் விலங்குக்கு, மேலே கிடக்கிற முட்டை எம்மாத்திரம்?

பன்றி முட்டைக்காகத்தான் வருகிறது என்றும் சொல்ல முடியாது. ஈரம் காயாத ஏரிச்சேற்றில் கோரைக்கிழங்கு, மண்புழு, நத்தை எல்லாம் கிடைக்கும். அதைக் கிளறிக்கொண்டே போகிற வழியில் கூடு சிக்கினால் ஓட்டோடு சேர்த்து விழுங்கிவிடும். சிக்காவிட்டாலும் மிதிபடும். கத்தினாலும், மேலே பாய்ந்து பயமுறுத்தினாலும் பன்றி அசைவதில்லை. கடைசியில் மிஞ்சுவது உழுது போட்ட மாதிரி மண் மட்டும்தான். அங்கே ஒரு கூடு இருந்ததுக்கு அடையாளமே இருக்காது. இந்த இழப்பு யார் கண்ணிலும் படாமல் போவதற்குக் காரணமும் இதுதான்.

ஆட்காட்டி சுமார் 28 நாள் அடைகாக்க வேண்டும். முட்டை போனால் மறுபடி இடும். ஆனால் மழை வந்து ஏரி நிரம்பும் வரைதான் அதுக்கு டைம்.

கோடையில் யாரும் பார்ப்பதில்லை

ஊசுடு ஏரி சுமார் 800 ஹெக்டேர். ஏறக்குறைய பாதி புதுச்சேரியில், மீதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில். புதுச்சேரி அரசு 2008ல் தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடும் பின்னர் அறிவித்தது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் பெறும் பாகூர் ஏரி, புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரி. இரண்டுக்கும் கூட்டம் வருவது குளிர்காலத்தில், வலசைப் பறவைகளைப் பார்க்க. தரைக்கூடு வைக்கும் பறவைகளுக்கு மார்ச் முதல் ஆகஸ்ட் வரைதான் சீசன். அப்போது ஏரியில் நடமாடுவது ஆடு, மாடு, நாய், பன்றி.

இது காட்டுப்பன்றியா?

இல்லை. காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. பயிர்ச்சேதம் காரணமாக, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் அறிவித்தது தமிழ்நாடு அரசு. ஊருக்குள் திரிவது வளர்ப்புப் பன்றி. அதைப் பிடிக்க வேண்டிய பொறுப்பு கொம்யூன் பஞ்சாயத்துக்கு. பல பன்றிகளுக்கு ஓனரும் உண்டு. பட்டி போட்டுத் தீனி வாங்கிப் போட வசதியில்லாத குடும்பங்கள் அவிழ்த்து விடுகின்றன. குப்பைமேடும் சாக்கடையும் இருக்கிறவரை பன்றிக்குச் சாப்பாட்டுப் பஞ்சமில்லை. பெட்டைப் பன்றிக்குச் சினைக்காலம் 114 நாள்தான், ஒரே ஈத்தில் எட்டு, பத்து குட்டி. நாலைப் பிடித்து லாரியில் ஏற்றினால் அடுத்த வருஷமே கணக்கு நேராகிவிடும். குப்பையை அள்ளாமல் பன்றியை மட்டும் பிடிப்பது வீண் செலவு.

வெளிநாட்டில் என்ன நடந்தது?

உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் பன்றியும் இருக்கிறது. மொரீஷியஸில் 17ஆம் நூற்றாண்டில் டோடோ பறவை அழிந்ததில், டச்சுக்காரர்கள் கொண்டுபோன பன்றிகளுக்கும் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் வுட்ஹென் என்ற பறக்காத பறவை 1970களின் இறுதியில் சுமார் 30 ஆகக் குறைந்தது. பன்றிகளை ஒழித்து, கூண்டில் குஞ்சு பொரிக்கவைத்து விட்ட பிறகு சில நூறுகளுக்கு ஏறியது. தீவில் இது முடிந்தது, சுற்றிலும் கடல். ஊசுடுவில் ஒரு கரையில் விரட்டினால் அடுத்த மாநிலத்துக் கரையில் ஏறும்.

மனிதர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. மூளைக்காய்ச்சல் வகைகளில் ஒன்றான ஜப்பானிய மூளையழற்சி வைரஸ் பன்றியின் உடலில்தான் வேகமாகப் பெருகுகிறது. அதைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு வளர்வது நெல் வயலில். நெல் வயலும் பன்றியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஊர்கள் இவை.

ஏரிக்குள் கூட்டைப் பார்த்தால் போட்டோவுக்காகக் கிட்டே நிற்க வேண்டாம். உச்சி வெயிலில் ஆட்காட்டி வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர வைக்கும். ஆள் நின்றால் அது கூட்டுக்குத் திரும்பாது, முட்டை வெயிலில் வெந்துவிடும்.