ஒரே வருடத்தில் மூன்று சூப்பர்மேன்கள்

1986இல் சூப்பர்மேனுக்கு வயது 48. அந்த ஒரே வருடத்தில் மூன்று பேர் அவனைக் கையில் எடுத்தார்கள். மூன்று கதைகளையும் வெளியிட்டது டிசி காமிக்ஸ்தான். ஆனால் அடுத்தடுத்துப் படித்தால், பெயரும் சிவப்பு அங்கியும் தவிர மூன்று பேருக்கும் பெரிதாக ஒற்றுமை இல்லை.

முதலில் ஃப்ராங்க் மில்லர். ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ அடிப்படையில் பேட்மேன் கதை. அதில் வரும் சூப்பர்மேன் ஓர் அரசு ஊழியர் மாதிரி. ரீகன் சாயலில் இருக்கும் அதிபர் தோளில் கைபோட்டு வேலை சொல்வார், இவன் போய்ச் செய்வான். ஒரு கற்பனைத் தீவில் சோவியத் படைகளோடு மோதுகிறான். பழைய நண்பன் பேட்மேனை அடக்கவும் அவனைத்தான் அனுப்புகிறார்கள். கெட்டவன் இல்லை, பணிந்துபோனவன். அவ்வளவுதான். கடைசியில் புதைகுழிக்குள்ளிருந்து பேட்மேனின் இதயத் துடிப்பு அவன் காதுக்குக் கேட்கிறது. யாரிடமும் சொல்லாமல் கண்ணடித்துவிட்டுப் போகிறான். மில்லர் அவனுக்குக் கொடுத்த கருணை அந்த ஒரு கண்ணசைவு.

அடுத்து ஆலன் மூர். ‘வாட்டெவர் ஹேப்பண்ட் டு த மேன் ஆஃப் டுமாரோ?’ இரண்டே இதழ்களில் முடிகிற கதை. பழைய சூப்பர்மேனை மூடிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க நிறுவனம் முடிவு செய்திருந்தது. மூர் எழுதியது அந்த வழியனுப்பு. எதிரிகள் வருகிறார்கள், நண்பர்கள் சாகிறார்கள், இவனும் முதல்முறை வேண்டுமென்றே ஓர் உயிரை எடுக்கிறான். கொல்லக் கூடாது என்ற தன் விதியைத் தானே மீறியதால், தன் சக்தியை இழக்கச் செய்துகொள்கிறான். அப்புறம் வேறு பெயரில், மனைவி குழந்தையோடு, சாதாரணத் தொழிலாளியாக வாழ்கிறான். மூருக்கு அவன் சக்தி முக்கியமில்லை, மனசாட்சிதான் முக்கியம்.

மூன்றாவது ஜான் பைர்ன். ‘தி மேன் ஆஃப் ஸ்டீல்’, ஆறு இதழ்கள். அதுவரை சூப்பர்மேன் நிஜம், கிளார்க் கென்ட் வேஷம். பைர்ன் அதைத் தலைகீழாக்கினார். இங்கே கிளார்க்தான் நிஜம். பள்ளியில் ஃபுட்பால் ஆடியவன், வளர்த்த அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்கள். பிறந்த கிரகமான கிரிப்டன் பாசமே இல்லாத குளிர்ந்த இடம். பைர்ன் இங்கிலாந்தில் பிறந்து, சின்ன வயதில் கனடாவுக்கு வந்து வளர்ந்தவர். பிறந்த மண்ணைவிட வளர்த்த மண்தான் தன்னுடையது என்று சொல்கிற சூப்பர்மேனை அவர் எழுதியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

சரி, இந்த மூன்றில் எது ‘ஒரிஜினல்’? எதுவும் இல்லை. 1938 ஜூன் தேதியிட்ட ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழைப் பார்த்தால் தெரியும். அவனுக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும், ஒரு தாவலில் சுமார் 200 மீட்டர். தப்பான தீர்ப்பில் சாகவிருக்கும் பெண்ணைக் காப்பாற்றுகிறான். மனைவியை அடிப்பவனைத் தூக்கிச் சுவரில் எறிகிறான். ஊழல் அரசியலைத் துரத்துகிறான். 1939இல் வந்த ஒரு கதையில் சேரிக் கட்டடங்களை இடித்துத் தள்ளுகிறான், அப்போதாவது அரசாங்கம் ஏழைகளுக்கு நல்ல வீடு கட்டித் தரும் என்று! பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், கிளீவ்லேண்டில் வளர்ந்த இரண்டு யூத இளைஞர்களின் கோபம் அது. எழுதியவர் ஜெர்ரி சீகல், வரைந்தவர் ஜோ ஷஸ்டர். சீகலின் அப்பா 1932இல் தன் கடையில் திருட்டு நடந்தபோது இறந்துபோனவர்.

அந்தக் கோபக்காரன் எப்படி அரசு ஊழியர் ஆனான்? காரணம் இலக்கியத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. 13 பக்கங்கள், பக்கத்துக்கு 10 டாலர், மொத்தம் 130 டாலர். அதோடு பாத்திரத்தின் உரிமையும் நிறுவனத்துக்குப் போய்விட்டது. நான் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். ஆபீஸில் எழுதும் ஒவ்வொரு வரியும் கம்பெனிக்குச் சொந்தம் என்ற தாளில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் வேலையை விட்டபிறகு இன்னொருத்தர் அதைத் திருத்துவார், அழிப்பார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் கோடுக்குள் செத்துப்போன என் அப்பா இல்லை.

இருவரும் 1947இல் வழக்குப் போட்டார்கள். உரிமை திரும்பவில்லை, இதழில் வந்துகொண்டிருந்த பெயர்களும் போயின. 1959இல் சீகல் அதே நிறுவனத்துக்குத் திரும்பி வந்தார், பெயர் போடாமல் எழுதும் கூலி எழுத்தாளராக. 1961இல் அவர் எழுதிய ஒரு கதையில் சூப்பர்மேன் சாகிறான். லெக்ஸ் லூதர் திருந்தியதுபோல நடித்து நம்பவைத்துக் கொன்றுவிடுகிறான். கடைசிப் பக்கத்தில் உயிர்த்தெழும் தந்திரம் எதுவும் கிடையாது, ஊரே வரிசையில் நின்று அழுகிறது. அட்டையில் ‘கற்பனைக் கதை’ என்று போட்டார்கள், அதாவது கணக்கில் வராது என்று அர்த்தம். உருவாக்கியவரே கொன்றாலும் கணக்கில் வராது! சூப்பர்மேன் வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

1986இல் அந்தக் கடைசிக் கதையை எழுத, ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் முதலில் நினைத்தது சீகலைத்தான். சட்டச் சிக்கலில் நடக்கவில்லை, அதன்பிறகே வாய்ப்பு மூருக்குப் போனது.

அதனால் மில்லரோ மூரோ பைர்னோ ‘உண்மையான’ சூப்பர்மேனைக் கெடுத்துவிட்டார்கள் என்று யாராவது சண்டைக்கு வந்தால் நான் ஒதுங்கிவிடுவேன். மூவரும் வாடகை வீட்டில் நன்றாகவே சமைத்தார்கள். கேட்க வேண்டியது வீட்டைக் கட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று. 1975இல், சூப்பர்மேன் படம் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், சீகல் பத்திரிகைகளிடம் முறையிட்ட பிறகுதான் வருடத்துக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும் இதழ்களில் மறுபடியும் பெயரும் வந்தன. ஷஸ்டர் 1992இலும் சீகல் 1996இலும் இறந்தார்கள்.

அமெரிக்கச் சட்டப்படி அந்த முதல் இதழின் காப்புரிமை 95 ஆண்டுகள். 2034 ஜனவரி 1 முதல் அந்தக் கதையை யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம். ஆனால் வணிகச் சின்னங்கள் நிறுவனத்திடமே இருக்கும், பின்னால் வந்து சேர்ந்த விஷயங்களும் அன்றைக்கே விடுதலையாகாது. 1943இல் வானொலி நாடகத்தில் வந்த கிரிப்டோனைட்டும் அதில் அடக்கம். முதலில் வெளியே வரப்போகிறவன் பறக்கத் தெரியாதவன், மனைவியை அடிக்கிறவனைச் சுவரில் எறிகிறவன். அவனை வைத்து யார் என்ன எழுதுவார்கள் என்று பார்க்க நான் காத்திருக்கிறேன்.